ஏழு வருடம் எங்கே போனது? நெட்ஃபிளிக்ஸ் டேட்டா சென்டரைக் காலி செய்த விதம்

2016 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஸ்ட்ரீமிங் சேவைக்காக மிச்சமிருந்த கடைசி டேட்டா சென்டர் (சொந்த சர்வர்கள் ஓடும் இடம்) பகுதிகளையும் ஜனவரி தொடக்கத்தில் மூடிவிட்டோம், கிளவுடுக்கு, அதாவது வாடகைக்கு எடுக்கும் வெளியார் சர்வர்களுக்கு, மாறும் வேலை முடிந்தது, இதற்கு ஏழு வருடம் பிடித்தது என்பது அதன் சாரம். டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்களின் கண் அந்த "ஏழு" என்ற எண்ணில்தான் போய் நிற்கும். பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனி. சிலிக்கான் பள்ளத்தாக்கில் அலுவலகம், கேட்ட சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் வசதி. கிளவுட் விற்க வருகிறவர்கள் ஸ்லைடில் ஆறு மாதம் என்று போடும் வேலைக்கு இவர்களுக்கு ஏழு வருடம் எதற்கு?

கம்பெனியே பொதுவில் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. சர்வர்கள் அந்தக் காலத்தைத் தின்னவில்லை. டேட்டா தின்றது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே டேட்டா பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒருசேர உயிரோடு இருந்த நாட்களைச் சமாளிப்பதில்தான் காலம் போனது. வீடு மாற்றும்போதும் இதே கதைதான். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஒரு லாரியில் ஒரே நாளில் போய்விடும். கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு, பேங்க் முகவரி எல்லாம் மாறி முடிப்பதற்குள் மாதக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

2008 ஆகஸ்ட்

அப்போது நெட்ஃபிளிக்ஸ் என்றால் தபாலில் டிவிடி அனுப்பும் கம்பெனி. ஸ்ட்ரீமிங் 2007இல் தொடங்கியிருந்தாலும் வருமானம் சிவப்பு உறையில் போகும் டிவிடியில் இருந்துதான் வந்தது. 80 லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள். யாருக்கு எந்த டிவிடி, எந்தக் கிடங்கிலிருந்து போக வேண்டும் என்பதெல்லாம் டேட்டா சென்டரில் இருந்த, ஆரக்கிள் என்ற கம்பெனியின் டேட்டாபேஸ்களில்.

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, அனுப்பும் அமைப்பின் டேட்டாபேஸில் சிதைவு தெரிந்தது. அதைச் சரிசெய்யப் போகும்போதே பக்கத்து டேட்டாபேஸ்களிலும் அதே கோளாறு. கடைசியில் மொத்த அமைப்பும் நின்றுபோனது. மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியவில்லை. மூலக்காரணம் ஒரு பழுதான ஹார்டுவேர் பாகம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தப் பாகம் தன்னிடம் கோளாறு இருப்பதாக எந்தப் பிழைச்செய்தியும் தரவில்லை. டேட்டாபேஸ்காரர்கள் செத்துப்போகும் டிஸ்கைக் கண்டு அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள், அதற்கு மாற்று வைத்திருப்பார்கள். நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே தப்புத்தப்பாக எழுதும் ஹார்டுவேர்தான் வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அந்தத் தப்பு அப்படியே நகலுக்கும் போகும், பேக்கப்புக்கும் போகும்.

இந்த இடத்தில் பெரும்பாலான கம்பெனிகள் என்ன செய்யும்? இன்னும் பெரிய சர்வர், இன்னும் விலை கூடிய ஸ்டோரேஜ், கூடவே விற்பவரிடம் ஒரு நீண்ட ஒப்பந்தம். நெட்ஃபிளிக்ஸ் வேறு முடிவுக்கு வந்தது. ஒரே பெரிய பெட்டியை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் நோய். அது விழுந்தால் எல்லாம் விழும். ஆகவே சாதாரணமான பல பெட்டிகளில் வேலையைப் பரப்பி, எது விழுந்தாலும் மற்றவை ஓடும்படி கட்ட வேண்டும். அதற்கு இடமாக அமேசானின் கிளவுட் சேவையான அமேசான் வெப் சர்வீசஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்று இது சாதாரணமாகத் தெரியும். அப்போது அப்படி இல்லை. அதில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3, சர்வரை வாடகைக்குத் தரும் இசி2 இரண்டும் 2006இல் வந்தவை. அமேசானே நிர்வகித்துத் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் 2009 அக்டோபரில்தான் வந்தது, இன்னொரு டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபி 2012இல். போதாக்குறைக்கு, அமேசானே வீடியோ விற்கும் கம்பெனி. 2011இல் பிரைம் சந்தாவோடு ஸ்ட்ரீமிங்கும் தரத் தொடங்கியது. போட்டிக்காரன் இடத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு அவனோடு வியாபாரத்தில் மோதத் துணிச்சல் வேண்டும்தான்.

அப்படியே தூக்கி வைக்கலாமா?

டேட்டா சென்டரில் இருப்பதை மாற்றாமல் தூக்கி கிளவுடில் இறக்குவதுதான் சுலபமான வழி. லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட் என்று நாம் சொல்வது. நெட்ஃபிளிக்ஸ் இதை வேண்டாம் என்று ஒதுக்கியது. அப்படிச் செய்தால் பழைய இடத்தின் பிரச்சினைகளும் வரம்புகளும் கூடவே குடிவந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒரே உருண்டையாக இருந்த அப்ளிகேஷனை உடைத்து நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன சேவைகளாக்கினார்கள். டேட்டாவையும் அதற்கேற்ப உடைத்து, டேபிள்களை ஒன்றோடொன்று இணைக்காத நோஎஸ்க்யூஎல் வகை டேட்டாபேஸ்கள் பக்கம் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு "பார், லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட் தப்பு" என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்புதல் இல்லை. இரண்டு சர்வரில் ஒரு கணக்கு மென்பொருளும் ஒரு டேட்டாபேஸும் ஓட்டும் கம்பெனிக்கு அப்படியே தூக்கி வைப்பது முற்றிலும் சரியான வழி. அவர்களுடைய தொல்லை ஏசி பழுதாவதும் யூபிஎஸ் பேட்டரி போவதும்தான், அமைப்பின் கட்டுமானம் அல்ல. நெட்ஃபிளிக்ஸுக்கோ நோய் டேட்டாபேஸின் வடிவத்திலேயே இருந்தது. அதைப் பெட்டியோடு தூக்கிப் போயிருந்தால் 2008 ஆகஸ்ட் வேறொரு முகவரியில் திரும்ப நடந்திருக்கும்.

ஆரக்கிளை விட்டுப் போனபோது

முதலில் அவர்கள் பிடித்தது அமேசானின் சிம்பிள்டிபி என்ற நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். கூடவே பெரிய பொருள்களுக்கு எஸ்3. ஆரக்கிளில் பழகியவர்களுக்கு சிம்பிள்டிபி வெறும் தரையில் படுப்பது போலத்தான் இருந்திருக்கும். டேபிள்களை இணைத்துக் கேட்கும் ஜாயின் கிடையாது. ஒரு மாற்றம் வந்ததும் தானே ஓடும் டிரிகர் கிடையாது. தொடர் எண் தரும் சீக்வென்ஸ் கிடையாது. ஒரு மதிப்பு 1024 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒரு டொமைன் (டேபிள் போன்றது) 10 ஜிபிக்கு மேல் போகக்கூடாது, அதனால் பெரிய டேபிளைப் பல டொமைன்களாக நீங்களே பிரிக்க வேண்டும். இதுவரை டேட்டாபேஸ் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் அப்ளிகேஷன் எழுதுகிறவரின் தலையில் விழுந்தது.

இதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். சிம்பிள்டிபிக்கு எண் என்ற வகையே தெரியாது, எல்லாமே எழுத்துதான். எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 10ஐவிடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தை ஒப்பிடும்போதே 1ஐவிட 9 பெரியது என்று முடிவாகிவிடும். ஆகவே எண்களை 0009, 0010 என்று முன்னால் சுழியம் போட்டு ஒரே அகலத்தில் சேமிக்க வேண்டும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால்தான் வரிசைப்படுத்த வரும். ஒரு சின்ன விஷயம். ஆனால் ஆரக்கிளில் இருந்த ஒவ்வொரு எண், ஒவ்வொரு தேதி, காலியாக விட்ட ஒவ்வொரு கட்டம் என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி வரும். ஒரு டேபிளில் ஒரு பத்தியில் இதை விட்டுவிட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பட்டியல் மட்டும் தப்பான வரிசையில் வரும், அதுவும் எப்போதாவது.

இன்னொன்று, எழுதியது உடனே எல்லா நகலிலும் தெரிந்துவிடும் என்ற உறுதி இல்லாமல் போனது. ஒருவர் தன் பட்டியலில் ஒரு படத்தைச் சேர்க்கிறார், பக்கத்தை மறுபடி திறக்கிறார், வாசிப்பு வேறொரு நகலுக்குப் போகிறது, படம் காணோம். சில நொடியில் வந்துவிடும். அந்தச் சில நொடி எங்கே பரவாயில்லை, எங்கே கூடவே கூடாது என்று ஒவ்வொரு திரைக்கும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். இது கிளவுட் வேலை மாதிரியே தெரியாது. வியாபாரத்தைப் புரிந்துகொள்ளும் வேலை.

இதற்கிடையில் பழைய ஆரக்கிளும் ஓடிக்கொண்டிருந்தது. வலைத்தளத்தின் சில பக்கங்கள் கிளவுடிலிருந்தும் சில பக்கங்கள் டேட்டா சென்டரிலிருந்தும் வந்தன, இரண்டுக்கும் ஒரே வாடிக்கையாளர் விவரம் வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஒரே பதிவு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாறினால் எதை வைத்துக்கொள்வது, நடுவில் கம்பி அறுந்தால் விட்டுப்போனதை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விகள் புதிய டேட்டாபேஸைக் கற்றுக்கொள்வதைவிடக் கடினமானவை. ஏழு வருடத்தில் பெரும் பங்கு இங்கேதான் கரைந்திருக்கும் என்பது என் கணிப்பு. 2011 வாக்கில், பல சர்வர்களில் நகல் வைக்கும் கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸுக்கு மாறினார்கள். ஒவ்வொரு தரவும் மூன்று ஸோன்களில் (ஒரே வட்டாரத்தில் தனித்தனியாக இயங்கும் அமேசான் டேட்டா சென்டர் தொகுதிகள்) மூன்று நகலாக இருக்கும், ஒரு ஸோன் முழுதாகப் போனாலும் மற்ற இரண்டும் பதில் சொல்லும்.

நெட்வொர்க்கும் குரங்கும்

சொந்த டேட்டா சென்டரில் நெட்வொர்க் வேகமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். ஒரு பக்கத்தை உருவாக்க உள்ளே ஏகப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகள் போய் வந்தாலும் பயனருக்குத் தெரியாது. கிளவுடில் ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்து வாடகைக்காரரின் சுமை நம் மேலும் விழும். அதனால் சேவைகள் பேசிக்கொள்ளும் முறையையே மாற்றி, குறைந்த அழைப்பில் அதிக வேலை முடியும்படி எழுதினார்கள். லாகின் விவரத்தை ஒரு சர்வரின் நினைவகத்தில் வைத்திருக்கும் பழக்கமும் போனது. டேட்டா சென்டரில் ஒரு சர்வர் விழுவது அபூர்வம், கிளவுடில் அது தினப்படி சமாச்சாரம். செயற்கையாக உருவாக்கிய சோதனைச் சுமை ஓரளவுக்குத்தான் உதவியது. உண்மையான வாடிக்கையாளர் ட்ராஃபிக்கைப் புதிய அமைப்பின் வழியாக ஓட்டிப் பார்த்தபோதுதான் எது தாங்கும், எது தாங்காது என்பது தெரிந்தது.

கேயாஸ் மங்கி கதை எல்லோருக்கும் தெரிந்தது, நீட்ட வேண்டாம். அலுவலக நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அணைக்க நெட்ஃபிளிக்ஸே எழுதிய நிரல். சர்வர் எப்படியும் விழும், எல்லோரும் விழித்திருக்கும்போது விழட்டும் என்ற எண்ணம். 2012இல் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறமூலமாக வெளியிட்டார்கள்.

2011 ஏப்ரலில் அமேசானின் கிழக்கு அமெரிக்க ரீஜியனில் (பல ஸோன்கள் சேர்ந்த வட்டாரம்) சர்வர்களுக்கு டிஸ்க் தரும் இபிஎஸ் ஸ்டோரேஜ் பெரிய அளவில் நின்றபோது பல தளங்கள் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் ஏறக்குறைய வழக்கம்போல ஓடியது, காரணம் அது இபிஎஸ்ஸை அதிகம் நம்பியிருக்கவில்லை. அதோடு கதை முடிந்திருந்தால் விளம்பரத்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

2012 டிசம்பர் 24, பசிபிக் நேரம் மதியம் 12:24. அதே ரீஜியனில் அமேசான் தரப்பில் ஒரு டெவலப்பர் ஒரு பராமரிப்பு வேலையைத் தவறுதலாக நடப்பு அமைப்பின் மேல் ஓட்டிவிட்டார். வரும் அழைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர்களின் நிலைத்தரவில் ஒரு பகுதி அழிந்தது. ஓடிக்கொண்டிருந்த லோட் பேலன்சர்கள் உடனே நிற்கவில்லை, யாராவது ஒன்றை மாற்றப் போனபோதுதான் கெட்டன. அதனால் என்ன நடக்கிறது என்று புரியவே நேரம் பிடித்தது. உச்சத்தில் பாதிக்கப்பட்டவை 6.8 சதவீதம் என்று அமேசானே பின்னால் சொன்னது. சின்ன எண்தான், ஆனால் நெட்ஃபிளிக்ஸின் டிவி மற்றும் கேம் கன்சோல்களுக்கான வழி அதில் சிக்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்காரும் நேரம், அமெரிக்கக் கண்டங்கள் முழுக்கப் பாதிப்பு. கம்ப்யூட்டரில் வலைத்தளம் வழியாகப் பார்த்தவர்களுக்கு ஓடியது. பிரிட்டன், அயர்லாந்து, நார்டிக் நாடுகள் ஐரோப்பிய ரீஜியனில் இருந்ததால் தப்பின.

சர்வர்களை எத்தனை முறை குரங்கு அணைத்துப் பார்த்திருந்தாலும், ஒரு முழு ரீஜியனின் பொதுப் பாகம் கெடும் என்று யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அடுத்த ஒரு வருடம் அமெரிக்காவின் கிழக்கு, மேற்கு ரீஜியன் இரண்டிலும் ஒரே சமயத்தில் முழுச் சேவையும் ஓடும்படி கட்டினார்கள். அதற்கும் அடிப்படை டேட்டாதான். இரண்டு கரையிலும் கசாண்ட்ராவில் ஒரே தரவு இருந்தால்தான் பயனரை இங்கிருந்து அங்கே திருப்ப முடியும். 2015 செப்டம்பர் 20 அன்று கிழக்கில் டைனமோடிபி விழுந்தபோது ட்ராஃபிக்கை மற்ற ரீஜியன்களுக்கு நகர்த்தினார்கள், பெரும்பாலானவர்களுக்கு நடந்ததே தெரியாது.

பில்லிங்: கடைசியில் வந்த கட்டம்

2015க்கு முன்பே வாடிக்கையாளர் கண்ணில் படும் எல்லாச் சேவைகளும் கிளவுடுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது பணம் சம்பந்தப்பட்டது. எனக்கு மொத்தக் கதையிலும் பிடித்த பகுதி இதுதான்.

டேட்டா சென்டரில் இரண்டு ஆரக்கிள் டேட்டாபேஸ்கள். ஒன்றில் யார், எந்தச் சந்தா, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது. இன்னொன்றில் இன்வாய்ஸும் கட்டணமும். அவற்றின் மேல் தினமும் ஓடும் பேட்ச் வேலைகள்: இன்று யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது ஒன்று, இன்வாய்ஸ் போட்டுக் கார்டில் வசூலிப்பது ஒன்று, நிதித்துறைக்கு வருவாய் அறிக்கை தருவது ஒன்று. மற்ற எல்லாச் சேவையும் கிளவுடுக்குப் போய்விட்டதால், அங்கிருந்து பில்லிங்குக்கு வரும் அழைப்புகளை டேட்டா சென்டருக்குத் திருப்பிவிட ஒரு இடைநிலை அப்ளிகேஷன். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி என்பதால் கணக்கில் யார் எதைத் தொட்டார்கள் என்பதற்கெல்லாம் தணிக்கை உண்டு. சிபாரிசுப் பட்டியல் சில நொடி பழசாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் கார்டில் இரண்டு முறை பணம் எடுத்தால் கேட்பார்கள்.

அவர்கள் செய்தது இது. பழைய டேட்டாவைத் தொடவில்லை. புதிதாகச் சேவை தொடங்கும் நாடுகளை மட்டும் முதலில் கிளவுடில் தொடங்கினார்கள். அந்த நாட்டில் பழைய வாடிக்கையாளர் யாரும் இல்லை, அதனால் மாற்ற வேண்டிய டேட்டாவும் இல்லை. சந்தா விவரம் கசாண்ட்ராவில் விழும், அதன் ஒரு நகல் டேட்டா சென்டர் ஆரக்கிளுக்குத் திரும்பிப் போகும், பழைய பேட்ச் வேலைகள் எதுவும் நடக்காதது போல ஓடும். புதிய அமைப்பு உண்மையான பணத்தோடு, ஆனால் சின்ன அளவில் பழகிக்கொண்டது. அது நிலைத்த பிறகுதான் ஏற்கெனவே இருந்த நாடுகளின் சந்தாதாரர்களைக் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் பேட்ச் வேலைகளும் கட்டண டேட்டாபேஸும்.

கட்டண டேட்டாவைக் கசாண்ட்ராவில் போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்வாய்ஸ் "கட்டியாயிற்று" என்று மாறுவதும் கட்டணப் பதிவு விழுவதும் இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. பாதி நடப்பது என்பது கணக்கில் கிடையாது. அதற்குப் பரிவர்த்தனை உறுதி தரும் டேட்டாபேஸ் வேண்டும். ஆரக்கிளிலிருந்து மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றி அமேசானிலேயே ஓட்டினார்கள். ஆரக்கிள் போன்ற, டேபிள்களை இணைத்து வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸ்தான் ஆபத்து என்று சொல்லிக் கிளம்பியவர்கள், பணம் என்று வந்தபோது ரிலேஷனலிலேயே நின்றார்கள். முரண்பாடு என்று சிலர் கிண்டல் செய்யலாம். எனக்கு அது நிதானமாகத் தெரிகிறது. ஒவ்வொரு டேட்டாவுக்கும் என்ன தேவை என்று தனித்தனியாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

2016 ஜனவரி 4 அன்று பில்லிங் முழுதாக கிளவுடில் இருந்தது. ஜனவரி 6 அன்று ஒரே நாளில் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் சேவை தொடங்கியது. இந்தியாவும் அன்றைக்குத்தான். அந்த இரண்டு தேதிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தால் பில்லிங் குழுவின் அந்த டிசம்பர் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

கணக்குவழக்கு

2008இலிருந்து அந்த எட்டு வருடத்தில் ஸ்ட்ரீமிங் உறுப்பினர்கள் எட்டு மடங்கு ஆனார்கள், பார்க்கும் அளவு ஆயிரம் மடங்கு வரிசையில் கூடியது. டேட்டா சென்டரில் இருந்திருந்தால் இந்த வேகத்துக்கு சர்வர் ரேக் வாங்கி வைத்திருக்கவே முடியாது என்றது கம்பெனி. செலவைக் குறைப்பது முக்கிய நோக்கமாக இருக்கவில்லை, ஆனாலும் ஒரு வீடியோ தொடங்குவதற்கான செலவு பழைய இடத்தில் ஆனதில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது என்றும் சொன்னது. இது அவர்களே போட்ட கணக்கு, அந்த ஏழு வருடத்தின் இன்ஜினியர் சம்பளம் அதில் எப்படிச் சேர்ந்தது என்று அறிவிப்பில் இல்லை. நம் ஊர் முதலாளிக்கு இந்த வரியைக் காட்டிப் பட்ஜெட் வாங்கப் போகிறவர்கள் அதை யோசித்துக்கொள்வது நல்லது.

அறிவிப்பில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூடியது "ஸ்ட்ரீமிங் சேவைக்கான" டேட்டா சென்டர். டிவிடி வியாபாரம் தனியே நடந்துகொண்டிருந்தது, கடைசி டிவிடி 2023 செப்டம்பர் 29 அன்றுதான் போனது.

வீடியோ கதை வேறு. நீங்கள் பார்க்கும் படத்தின் பைட்டுகள் அமேசானிலிருந்து வருவதில்லை. லாகின், தேடல், சிபாரிசு, பில், எந்தக் கோப்பை எங்கிருந்து எடுப்பது என்ற முடிவு எல்லாம் கிளவுடில் நடக்கும். ப்ளே அழுத்தியதும் படம் வருவது ஓப்பன் கனெக்ட் என்ற நெட்ஃபிளிக்ஸின் சொந்தப் பெட்டிகளிலிருந்து. 2012இல் அறிவித்த திட்டம் அது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளமும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் மென்பொருளும் ஓடும், ஹார்டு டிஸ்கும் ஃபிளாஷும் நிரப்பிய சர்வர்களைத் தாங்களே வடிவமைத்து, இணைய சேவை நிறுவனங்களின் இடங்களிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். அடுத்த நாள் எந்த ஊரில் எந்தப் படம் ஓடும் என்று கணித்து, கூட்டம் குறைந்த பின்னிரவு நேரத்தில் அவற்றை நிரப்புகிறார்கள். கிளவுடுக்கு முழுதாகப் போன கம்பெனி என்று உலகமே உதாரணம் காட்டும் அதே வருடங்களில், இந்தச் சொந்த ஹார்டுவேர் நாடு நாடாகப் பெருகிக்கொண்டிருந்தது.